குடைத்துணியில் தைத்த தூவிக் கோட்டு

பங்குனி மாதத்தில், மயிலாப்பூரில், கைவிசிறியைக் கீழே வைக்க முடியாத ஒரு பகற்பொழுதில், பனிமலையில் உடுத்திக்கொள்ளத் தமக்கு ஒரு கோட்டு வேண்டும் என்று என் கணவர் வந்து சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுப்பகுதி அது. அவர் கல்லூரியில் நிலநூல் கற்பித்துக்கொண்டிருந்தார். இமயத்துப் பனியாறுகளை அளக்கப் புறப்பட்ட ஒரு குழுவில் ஒருவர் காய்ச்சலில் விழுந்துவிட்டதால் அந்த இடத்துக்கு இவரை அழைத்திருந்தார்கள். புறப்பட ஐந்து வாரமே இருந்தது.

பூட்ஸும் கறுப்புக் கண்ணாடியும் கூடாரமும் குழுவே தரும். கோட்டை மட்டும் அவரவர் அளவுக்குத் தைத்துக்கொண்டு வரவேண்டும் என்று அழைப்புக் கடிதம் சொல்லிற்று. மற்றவர்கள் லண்டனுக்கு எழுதி வரவழைத்திருந்தார்கள். இவர் எழுதினால் கடிதம் போய்ச் சேரவே மூன்று வாரம் ஆகும். எங்கள் வீட்டில் இருந்த ஒரே குளிராடை, ஊட்டிக்குப் போனபோது வாங்கிய கம்பளிக் கோட்டு. அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவரே ஆணியில் திரும்ப மாட்டினார்.

கோட்டு எப்படி இருக்கவேண்டும் என்று கடிதத்தில் ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தார்கள். எடை இரண்டு பவுண்டுக்கு மேற்படக் கூடாது. இருபதாயிரம் அடிக்கு மேலே காற்று மெலிந்து போய்விடுவதால், கனத்த கம்பளியைச் சுமந்தவன் முகாமை அடையுமுன்பே களைத்து உட்கார்ந்துவிடுவான். ஆகவே நெருங்க நெய்த துணியில் இரண்டு அடுக்கு. நடுவே பாத்தி பாத்தியாகத் தையல். ஒவ்வொரு பாத்திக்குள்ளும் வடகடல் வாத்தின் தூவி, அதாவது மார்பின் மெல்லிறகு. பஞ்சு எக்காரணத்தாலும் சேரக் கூடாது, நனைந்தால் அது உடம்பின் சூட்டையெல்லாம் உறிஞ்சிவிடும் என்ற வரிக்கு அடிக்கோடு இட்டிருந்தது. அடுத்த வரியில், முந்தைய பயணத்தில் தகுந்த கோட்டில்லாத ஒருவர் வலக்கையில் மூன்று விரல்களை இழந்தார் என்று இருந்தது. என் கணவர் அந்த வரியைச் சற்று வேகமாகப் படித்துத் தாண்டினார். என்னால் தாண்ட முடியவில்லை.

தூவி என்ற சொல் எனக்குப் புதிதன்று. அரசர்களின் படுக்கையை வருணிக்கும் பழைய செய்யுள்களில் அன்னத்தின் தூவி அடைத்த மெத்தை வரும். சிறுமியாக அதைப் படித்தபோது புலவர்களின் மிகை என்றே எண்ணியிருந்தேன். அதையே பவுண்டுக் கணக்கில் தேடி மவுண்ட் ரோடுக்குப் போகவேண்டியிருக்கும் என்று அப்போது யார் கண்டார்கள்?

ஏலக் கடையில் அது கிடைத்தது. ஊருக்குத் திரும்பிவிட்ட ஒரு வெள்ளைக்காரக் குடும்பம், கோடையில் ஊட்டிக்குக் கொண்டுபோகும் ரஜாய் என்னும் மெத்தைப் போர்வையை மற்றச் சாமான்களோடு விட்டுச் சென்றிருந்தது. உள்ளே முழுவதும் நல்ல தூவி என்று கடைக்காரர் ஒரு மூலையைப் பிரித்துக் காட்டினாராம். என் கணவர் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு டிராமில் வந்து இறங்கினார். மறுநாள் ராயப்பேட்டையிலிருந்து ரஜாய் தைக்கும் சாயபு வருவார், அதுவரை ஈரம் படாத இடத்தில் வைத்திரு என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கல்லூரிக்குப் போனார்.

ஈரம் படாத இடத்தில் என்று அவர் சொன்னது என் காதில் நன்றாகவே விழுந்தது. அதனால் பிறகு நடந்ததற்கு என்னைத் தவிர வேறு யாரையும் நான் குறை சொன்னதில்லை.

என் மாமியார் கோபக்காரர் அல்லர். ஆனால் அன்று அந்த ரஜாய் வாசல் நிலைக்கு உள்ளே வர அவர் சம்மதிக்கவில்லை. “யார் படுத்துண்டதோ, யார் கண்டா? சீக்காளி போத்திண்டு கிடந்ததாக்கூட இருக்கும். நனைக்காம அதை எப்படி ஆத்துக்குள்ள கொண்டு வரது? அதுவும் தூரதேசம் போறவன் உடம்புல போட்டுக்கறதுக்கு” என்றார்.

எங்கள் வீடுகளில் அந்நியர் படுத்த துணி எதுவானாலும் நனைத்த பிறகே உள்ளே வரும். அதற்கு விலக்குக் கேட்கும் வழக்கமே இல்லை. நான் சில புத்தகங்கள் படித்தவள். நூல்நிலையத்தில் ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டி, இந்தத் தூவி கொன்று எடுப்பதன்று, தாய்ப்பறவை முட்டைகளுக்குக் குளிராமல் இருக்கத் தன் மார்பிலிருந்து தானே பறித்துக் கூட்டில் இடுவது, குஞ்சுகள் பறந்தபின் மனிதர்கள் அதைப் பொறுக்கி எடுக்கிறார்கள் என்பதையெல்லாம் அறிந்து வைத்திருந்தேன். அதை மாமியாரிடம் சொன்னேன். அவர் முகம் இளகியது. தாய் பறித்ததானால் பறவையிடம் தோஷமில்லை, படுக்கையில்தான் தோஷம், என்றார். அதற்கு மேல் நான் வாதாடவில்லை. உண்மையைச் சொன்னால், முகமறியாத ஒருவரின் நோய் அந்த ரஜாயில் ஒட்டியிருக்குமோ என்ற அச்சம் எனக்கும் இருந்தது. மாமியார் சொன்னது என் அச்சத்துக்கு வசதியாக இருந்தது.

ரஜாயின் தையலைப் பிரித்து, தூவியை மூன்று தலையணை உறைகளில் கட்டி, கிணற்றடியில் அண்டாவில் பூந்திக்கொட்டை ஊறிய நீரில் அமிழ்த்தினேன். பட்டுக்கும் கம்பளிக்கும் அதைத்தானே போடுகிறோம். இரண்டு முறை அலசிப் பிழிந்தேன். பிழியும்போதே என் கை ஓய்ந்தது. ஊதிப் புடைத்திருந்த மூன்று உறைகளும் ஈரச் சேலைத் தலைப்புப் போல் தொங்கின. ஒன்றை அவிழ்த்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் சிறு சிறு கட்டிகள், வெல்லம் போடாத ஊறின அவலைப் போல. அவ்வளவும் ஒரு செம்புக்குள் அடங்கிவிடும்.

மொட்டை மாடியில் காய வைத்தேன். மாலைக்குள் வெளிப்புறம் காய்ந்தது. கட்டிகள் அப்படியே இருந்தன. அவர் வந்து கேட்டபோது பத்திரமாக இருக்கிறது என்றேன். எங்கள் இல்வாழ்க்கையில் நான் அவரிடம் சொன்ன பொய்கள் மிகச் சில. அவற்றில் இது ஒன்று.

மறுநாள் அவர் கல்லூரிக்குப் போன பிறகு சாயபு வந்தார். நாற்பது வயது இருக்கும். வெற்றிலைக் காவி ஏறிய பல், காதில் எப்போதும் ஓர் ஊசி நூல் சுற்றிச் செருகியிருக்கும். மாடிக்கு வந்து உறைக்குள் கையை விட்டார்.

“இன்னாமா இது? அய்யா ரெக்கன்னு சொன்னாரு. இது அவலு மாறி கீது” என்றார். நான் நடந்ததைச் சொன்னேன். “குளிப்பாட்டி உட்டீங்களா?” என்று கேட்டவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன், சிரிக்கவில்லை. கட்டி ஒன்றை விரல்களுக்கிடையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“ஒண்ணு செய்யலாம். நல்ல பஞ்சு ஒரு சேரு உள்ள வெச்சுக் குடுத்துர்றேன். இதயும் மேலாப்புல கொஞ்சம் தூவி உட்டுர்லாம். தொட்டுப் பாத்தா ஒர்த்தனுக்கும் தெரியாது. அய்யாக்கும் தெரியாது, அந்த வெள்ளக்காரனுக்கும் தெரியாது.”

அவர் ஏமாற்றுக்காரர் அல்லர். திகைத்து நின்ற ஒரு பெண்ணுக்குத் தம்மால் ஆனதைச் செய்ய நினைத்தார். அந்த ஒரு கணம் எனக்கும் அது பெரிய வழியாகத் தோன்றியது. கோட்டு புடைத்துக்கொண்டு நிற்கும். வீட்டில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அப்போது அடிக்கோடிட்ட அந்த வரியும், அதற்கு அடுத்த வரியில் இருந்த மூன்று விரல்களும் நினைவுக்கு வந்தன.

“குளிருக்குத் தெரியுமே, சாயபு” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். “அப்போ வோணாம்” என்றார். “அடிச்சுப் பாக்கலாம். பஞ்சு கட்டி தட்டுனா அடிக்கிறோம்ல. ஆனா இது மெத்துன்னு கீற சாமானு. பச்சப் புள்ளய தட்டுற மாறி தட்டணும்.”

அதற்கு நான்கு நாள் ஆயிற்று. காலை வெயில் ஏறியதும் உறைகளைக் கயிற்றில் தொங்கவிட்டு, மெல்லிய பிரம்பால் தட்டுவோம். தட்டித் தட்டி உதறி, திருப்பிப் போட்டு, மறுபடியும் தட்டுவோம். நண்பகலில் நிறுத்திவிடுவோம்; கடற்காற்று எழுந்தால் அந்தக் காற்றின் ஈரம் உள்ளே புகுந்துவிடும் என்று சாயபு எச்சரித்திருந்தார். முதல் நாளும் இரண்டாம் நாளும் மாற்றமே இல்லை. இரண்டாம் நாள் மாமியார் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, நான்தான் நனைக்கச் சொன்னேன் என்று மெல்லச் சொன்னார். நனைத்தது நான் என்றேன். அவர் என் கையிலிருந்து பிரம்பை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் முற்பகலில் ஓர் உறையின் மூலை, யாரோ உள்ளிருந்து ஊதியதைப் போல, சற்றே நிமிர்ந்தது. சாயபு தட்டுவதை நிறுத்தினார்.

“மூச்சு உடுது பாருங்கமா” என்றார்.

நான்காம் நாள் மூன்று உறைகளும் புடைத்து நின்றன. பழைய அளவுக்கு வந்தனவா, சற்றுக் குறைவா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்தச் சந்தேகம் அதன்பின் ஐந்து மாதம் என்னை விட்டுப் போகவில்லை. பறவையின் இறகில் இயல்பாக ஓர் எண்ணெய்ப் பசை உண்டு, ஈரத்தை அது ஓட்டிவிடும் என்று அதே கலைக்களஞ்சியத்தில் படித்திருந்தேன். பூந்திக்கொட்டை அதை எவ்வளவு கொண்டுபோயிற்று?

துணிக்குச் சாயபுதான் வழி சொன்னார். எந்தத் துணியில் தைத்தாலும் தூவி இழைகளின் சந்து வழியே வெளியே வந்துகொண்டிருந்தது. குடைக்குப் போடும் பட்டில் மழை இறங்குவதில்லை, ஆகவே தூவி மட்டும் எப்படி ஏறும் என்று அவர் கேட்டார். கறுப்புக் குடைத்துணி வாங்கி, உட்புறத்தில் தேன்மெழுகு தேய்த்து, இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எடுத்தோம். அறுபத்து மூவர் உற்சவத்தன்று, உறவினர்கள் எல்லோரும் ஊர்வலம் பார்க்க மாடியில் குவிந்திருக்க, நாங்கள் மூவர் மட்டும் வாசலுக்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள ரேழியின் இரண்டு கதவுகளையும் சாத்திக்கொண்டு பாத்திகளில் தூவி நிரப்பினோம். விசிறி எடுத்தால் பறந்துவிடும். மூச்சைக்கூட அடக்கித்தான் விட்டோம். மாமியார் ஒவ்வொரு பாத்தியின் வாயையும் இரண்டு விரலால் பிடித்துக்கொள்ள, நான் கரண்டியால் இட, சாயபு தைத்து மூடினார். ரஜாய்க்கு அடைக்கும் வழக்கத்தில் அவர் கை இறுக்கி இறுக்கித் திணிக்கப் போகும். அப்போதெல்லாம் மாமியார், “விடுமையா, அது மூச்சு விட வேண்டாமா” என்பார். வியர்வையில் நனைந்த சாயபுவின் தாடியில் தூவி ஒட்டி நரைத்ததைப் போலாகிவிட்டது. இந்தக் கோலத்தில் வீட்டுக்குப் போனால் தம் மனைவி உள்ளே விடமாட்டாள் என்றார்.

கோட்டு முடிந்தது. மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது இருபத்து நான்கு பலம் நின்றது. இரண்டு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. என் கணவர் அதை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். அரை நிமிடத்தில் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. “குடையை மடக்காம உடம்புல போட்டுண்டு மலை ஏறப் போற முதல் ஆள் நான்தான்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மயிலாப்பூர்ப் பங்குனியில் எதைப் போட்டாலும் வியர்க்கும் என்பது எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டிருந்தது. அது கோட்டுக்கு ஒரு பரீட்சையே அன்று.

பரீட்சைக்கு ஒரு வழி இரண்டு நாள் கழித்துத் தோன்றியது. சூட்டை வெளியே விடாத ஆடை, சூட்டை உள்ளேயும் விடாது. மரத்தூள் ஒட்டிய ஐஸ் கட்டி ஒன்று வாங்கிவரச் செய்து, அதைச் சரிபாதியாக உடைத்து, இரண்டு பித்தளைத் தூக்குகளில் இட்டு மூடினேன். ஒன்றை ஊட்டிக் கம்பளிக் கோட்டிலும் மற்றொன்றை இந்தக் கோட்டிலும் சுற்றி, பூஜை அறைக்கு வெளியே பலகைமேல் வைத்தேன். காலை பத்து மணி. அன்று சமையலில் உப்பு இரண்டு முறை விழுந்தது. மூன்று மணிக்கு அவிழ்த்தேன். கம்பளியில் இருந்த தூக்கில் வெறும் தண்ணீர். மற்றதைத் திறந்தபோது, என் உள்ளங்கை அளவு ஐஸ், மூலைகள் மழுங்கி, மிதந்துகொண்டிருந்தது. அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அது அரை ஆறுதல்தான். உலர்ந்த கோட்டு குளிரைத் தாங்கும் என்று அது காட்டிற்று. பனியில் நனைந்தால் என்ன ஆகும் என்று காட்டவில்லை. அதைச் சோதிக்க மறுபடியும் நனைக்கும் துணிவு எனக்கு இல்லை.

சித்திரையில் அவரைச் சென்ட்ரலில் ரயிலேற்றினோம். நனைத்ததை அவரிடம் சொல்ல மூன்று முறை வாயெடுத்தேன், சொல்லவில்லை. அவர் கோட்டின்மேல் நம்பிக்கையோடு போகட்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். முதலில் கடிதங்கள் ஒழுங்காக வந்தன. பிறகு, கடைசித் தபால் நிலையத்தைத் தாண்டிவிட்டோம், இனி ஆள் இறங்கி வரும்போதுதான் கடிதம் என்று ஒன்று வந்தது. அதன்பின் ஏழு வாரம் ஒன்றும் இல்லை. தபால்காரர் எங்கள் வீட்டைத் தாண்டும்போது தலையைக் குனிந்துகொண்டு போகப் பழகிவிட்டார். நான் வழக்கம்போல் குளத்தைச் சுற்றினேன், நூல்நிலையத்துக்குப் போனேன், பனிமலைகளைப் பற்றி இருந்த புத்தகங்களையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு புத்தகங்கள் எடுத்துவந்தேன். காய்கறி நறுக்கும்போது என் விரல்களை எண்ணும் பழக்கம் ஒன்று எப்படியோ வந்து சேர்ந்தது.

எட்டாம் வாரம் கடிதம் வந்தது. மேலுறையில் இருந்த முகவரியைப் பார்த்ததுமே பாதி பாரம் இறங்கிற்று. அவர் கையெழுத்து, வலக்கைக் கையெழுத்து, ஓர் எழுத்தும் கோணவில்லை. நலம், வேலை முடிந்தது, ஆவணியில் ஊர் திரும்புகிறேன் என்று நான்கே வரி. கோட்டைப் பற்றி ஒன்றும் இல்லை.

ஆவணியில் சென்ட்ரலில் அவர் இறங்கியபோது முகம் கறுத்து, உதடு வெடித்திருந்தது. நான் அதைப் பிறகுதான் பார்த்தேன். முதலில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தேன். பத்தும் இருந்தன.

மறுநாள் சாப்பாடு முடிந்தபின் கூடத்தில் உட்கார்ந்து மாமியாரிடமும் என்னிடமும் சொன்னார். மேல் முகாமில் ஒரு பனிப்புயலில் கூடாரம் சரிந்து, எல்லோருடைய கோட்டும் உருகிய பனியில் ஊறிப்போயிற்று. புயல் விட்டதும் எடுத்துப் பார்த்தால் தூவி கட்டி தட்டி, கோட்டு வெறும் இரட்டைத் துணியாகத் தொங்கியது. இனி இவற்றால் பயனில்லை, வேலையைப் பாதியில் விட்டுக் கீழே இறங்கவேண்டியதுதான், இறங்கும் வழியில் எத்தனை பேருக்குக் கைகால் மிஞ்சுமோ தெரியாது, என்று தலைவர் சொல்லிவிட்டார். இரண்டு நாள் நல்ல வெயில் இருந்தது. இவர் தம் கோட்டைப் பாறைமேல் விரித்து, கூடாரக் கழியின் மெல்லிய துண்டால் தட்டத் தொடங்கினார். மற்றவர்கள் இவருக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார்களாம். இரண்டாம் நாள் மதியம் கோட்டு நிமிர்ந்தது. அதன்பின் ஆறு பேரும் வரிசையாக உட்கார்ந்து தட்டினார்கள்.

“தட்டணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அன்னிக்கு ஒரு கிளாஸ் இல்லைன்னு சீக்கிரமா வந்தேன். மாடிப்படியில நின்னுண்டு பார்த்தேன். நீயும் அம்மாவும் சாயபுவும் தட்டிண்டிருந்தேள். என்னன்னு சாயபுவைத் தெருமுனையில நிறுத்திக் கேட்டேன். சொல்ல மாட்டேன்னான். அப்பறம் சொன்னான்.”

“ஏன் என்கிட்டக் கேக்கலை?”

“பஞ்சு வேண்டாம்னு நீ சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னான். அதுக்கு மேல கேக்க என்ன இருக்கு?” என்றவர், “ஈரம் பட்டப்போ கோட்டுல பூந்திக்கொட்டை வாசனை வந்துது. கூடாரம் பூரா நம்மாத்துக் கிணத்தடி மாதிரி இருந்தது” என்றார். மாமியார் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். ஐந்து மாதமாக நெஞ்சுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று, அன்று மாடியில் அந்த உறையின் மூலை நிமிர்ந்ததைப் போல, மெல்ல இளகிற்று.

அந்த வாரமே சாயபுவுக்குச் சொல்லியனுப்பினோம். அவர் வந்து எல்லாவற்றையும் நின்றபடியே கேட்டார். என் கணவரின் கைகளைத் தம் கைகளில் எடுத்து, ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார்.

“அன்னிக்கு நான் பஞ்சு வெச்சிருந்தா, இன்னிக்கு இந்தத் தெருவுக்குள்ள எப்டிமா வந்திருப்பேன்?” என்றார் என்னிடம்.

கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தேன். அவர் ரேழியில் உட்கார்ந்து அதை மடியில் போட்டு, பாத்தி பாத்தியாக விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். தோளருகே ஓரிடத்தில் விரல் நின்றது. மலையில் கிழிந்த இடத்தை என் கணவர் கூடாரக் கயிற்று நூலால் கோணல்மாணலாகத் தைத்திருந்தார். சாயபு உச்சுக்கொட்டினார். காதிலிருந்து ஊசியை எடுத்து, அந்தத் தையலைப் பிரிக்கத் தொடங்கினார்.

“அய்யா பாடம் நடத்தட்டும், தையலு நம்ம வேல” என்றார். “ரெண்டு கதவயும் சாத்துங்கமா. காத்து வருது.”